நெடுஞ்சாலையின் இரு கரைகள்

அமெரிக்கக் கதைகளையும் சஞ்சிகைகளையும் விரும்பிப் படிக்கும் நம் மாணவர், ‘பள்ளி வட்டாரம்’ என்னும் தொடரை அடிக்கடி எதிர்ப்படுவர். நம் நாட்டுக் கல்வி வலயம் போன்ற ஒரு நிருவாகப் பிரிவே அதுவும் என்று கருதி அப்பாற் செல்வாரும் உளர். இரண்டுக்கும் பெயரளவில் மட்டுமே ஒற்றுமை. நம் வலயக் கல்விப் பணிப்பாளர் அரசாங்கத்தின் உத்தியோகத்தர். மேலிடத்துச் சுற்றுநிருபம் எதுவோ அதுவே அவருக்கு வேதம். அமெரிக்கப் பள்ளி வட்டாரத்தைப் பெரும்பாலும் ஆள்வது, நம் நகரசபையைப் போல ஊர்மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் ஒரு சிறு சபையாகும். அதற்கென வரிவருமானம் உண்டு. நிலமும் கட்டடமும் உண்டு. ஆசிரியரை நியமிப்பதும் விலக்குவதும் அதன் அதிகாரம். சபையில் இருப்போர் அவ்வூர்த் தாய் தந்தையரும் சிறு வியாபாரிகளும் இளைப்பாறிய உத்தியோகத்தருமே. மாலையிற் கூடுவர், வரவு செலவைப் பார்ப்பர், பள்ளிக்கு எத்தனை ஆசிரியர், சங்கீதம் கற்பிப்பதா விடுவதா என்பதை எல்லாம் கையை உயர்த்தித் தீர்மானிப்பர். பொதுமக்களும் வந்திருந்து தம் மனத்திற் பட்டதைச் சொல்லலாம்.

இது நேற்றுத் தோன்றிய ஏற்பாடன்று. 1647ஆம் ஆண்டிலேயே மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தில், ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர் ஒவ்வொன்றும் எழுத்தறிவிக்க ஓர் ஆசிரியரை வைத்துக்கொள்ளல் வேண்டும் என்று சட்டம் பிறந்தது. ஊரின் பள்ளி ஊரின் பொறுப்பு என்னும் எண்ணம் அன்றே வேரூன்றிவிட்டது. 1930களின் தொடக்கத்தில் அந்நாட்டிலிருந்த பள்ளி வட்டாரங்களின் தொகை ஏறத்தாழ 1,27,000. ஒரே அறை, ஒரே ஆசிரியர் என்று நடந்த பள்ளிக்கும் ஒரு சபை இருந்த காலம் அது. பின்னர் சிறியன பலவும் பெரியவற்றோடு இணைக்கப்பட்டு, இன்று ஏறத்தாழ 13,000 எஞ்சியுள்ளன. கலிபோர்னியா மாநிலத்தில் மட்டும் தொள்ளாயிரத்துக்கு மேல். அவற்றுள் ஐந்நூறுக்கு மேற்பட்டவை ஆரம்பப் பள்ளி வட்டாரங்கள். அதாவது பாலர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை மட்டுமே அவற்றின் ஆட்சி. ஒன்பதாம் வகுப்புக்கு வேறொரு வட்டாரத்தின் உயர்தரப் பாடசாலைக்குப் பிள்ளை போகவேண்டும்.

சுற்றுநிருபத்துக்குக் காத்திருந்து காத்திருந்து தலை நரைத்த நம்போன்ற ஆசிரியருக்கு, ஊரே தன் பள்ளியை ஆளும் இவ்வேற்பாடு பொறாமை தருவது இயல்பு. கூரை ஒழுகினால் கொழும்புக்கு எழுதவேண்டியதில்லை. ஆசிரியர் போதாவிடின் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். சிறிய வட்டாரம், போதிய பணம், பக்கத்திலேயே சபை. இவை மூன்றும் வாய்த்துவிட்டால் பிள்ளைகளுக்கு வேறென்ன குறை என்று எண்ணத் தோன்றும். இம்மூன்றும் ஒருங்கே வாய்த்த ஒரு வட்டாரத்தின் கதையை இவ்வாரம் எழுதுகின்றோம்.

சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து 1937இல் திறக்கப்பட்ட பொன்வாயிற் பாலத்தைக் கடந்து வடக்கே சென்றால் மரீன் என்னும் மாவட்டம் தொடங்கும். அமெரிக்காவிலேயே செல்வம் மிக்க மாவட்டங்களுள் அது ஒன்று. பாலத்தை அடுத்து, குடாக்கடலைப் பார்த்த மலைச்சரிவிலே சோசலீற்றோ என்னும் சிறு நகர் இருக்கிறது. ஏறத்தாழ ஏழாயிரம் பேர் வாழும் ஊர். ஓவியர்களும் எழுத்தாளரும் நாடிவந்த இடம்; கரையோரத்தில் மிதக்கும் வீடுகளிற் குடியிருப்போரும் உளர். அதற்குச் சற்று வடக்கே, நெடுஞ்சாலை 101இன் மறுபுறத்தில், மலைகளுக்கிடையே ஒரு கிண்ணம் போன்ற நிலப்பகுதியில் மரீன் சிற்றி அமைந்துள்ளது. பெயரிற்றான் ‘சிற்றி’, அதற்கு நகரசபை கிடையாது. ஏறத்தாழ மூவாயிரம் பேர் வாழ்கின்றனர். இவ்விரண்டு ஊர்களும் சேர்ந்ததே சோசலீற்றோ மரீன் சிற்றிப் பள்ளி வட்டாரம். ஐந்து உறுப்பினர் கொண்ட சபை. சில நூறு மாணவரே. நம் நாட்டு மகா வித்தியாலயம் ஒன்றின் தொகைக்குக்கூட வராது.

மரீன் சிற்றி எவ்வாறு தோன்றிற்று என்பதை அறிந்தாலன்றிப் பின்னர் நிகழ்ந்தது விளங்காது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், சோசலீற்றோக் கரையிலே மரீன்சிப் என்னும் கப்பல் கட்டுந்துறை சில மாதங்களில் எழுந்தது. போர் முடிவதற்குள் அங்கே 93 கப்பல்கள் கட்டி இறக்கப்பட்டன. வேலையாட்கள் தென் மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்தனர். அவர்களுட் பலர் கறுப்பினத்தவர். அவர்கள் தங்குவதற்காக அரசாங்கம் அவசரமாகக் கட்டிய குடியிருப்பே மரீன் சிற்றி. வியப்பு என்னவெனில், கறுப்பரும் வெள்ளையரும் சீனரும் அங்கே அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர். அவர்தம் பிள்ளைகள் ஒரே பள்ளியிற் படித்தனர். அந்நாட்டின் பல பாகங்களில் அன்று எண்ணிப் பார்க்கவும் இயலாத காட்சி.

தொழிற்றுறையில் மட்டும் நிறவேற்றுமை நீங்கியபாடில்லை. கறுப்பினத் தொழிலாளரைத் தொழிற்சங்கம் முழு உறுப்பினராக ஏற்க மறுத்து, அவர்களுக்கெனத் தாழ்ந்ததொரு துணைச் சங்கத்தை வைத்தது. சேர மறுத்தால் வேலை போகும். ஜோசப் ஜேம்ஸ் என்னும் ஒட்டுவேலைத் தொழிலாளி வழக்குத் தொடுத்தார். அவர் நல்ல பாடகருங்கூட. வேலைத்தலம் முழுவதையும் தன் கையில் வைத்திருக்கும் சங்கம் நிறத்தின் பேரால் ஒருவரைப் புறத்தே வைத்தல் ஆகாது எனக் கலிபோர்னியா உயர்நீதிமன்றம் 1944இன் இறுதியில் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வந்தது, போரும் முடிந்தது, கப்பல் கட்டுந்துறையும் மூடப்பட்டது. வெள்ளைத் தொழிலாளர் அயலூர்களில் வீடு வாங்கிக் குடிபெயர்ந்தனர். கறுப்பினத்தவர் போகவில்லை, போக இயலவில்லை. கறுப்பருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனை அக்கால வீட்டு உறுதிகள் பலவற்றில் எழுதப்பட்டிருந்தது. 1948இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அந்நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என்றது. ஆயினும் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் அளித்த அரசாங்க நிறுவனமே கறுப்பர் வாழும் பகுதிகளுக்குக் கையை விரித்தது. வீட்டு விற்பனையில் நிறவேற்றுமையைத் தடுக்கும் சட்டம் 1968இலேதான் வந்தது. அதற்குள் நிலத்தின் விலை மலையேறிவிட்டது. கப்பல் கட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தனர். (1960ஐ ஒட்டி அங்கே கட்டப்பட்ட பொது வீட்டுத்தொகுதியை வரைந்தவர்களுள் ஒருவரான ஆரன் கிறீன், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பிராங்க் லொயிட் ரைட்டுடன் பணிபுரிந்தவர். அத்தொகுதி இன்று அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னப் பதிவேட்டில் உள்ளது. அழகிய கட்டடம் வறுமையை நீக்குவதில்லை என்பது வேறு விடயம்.)

1960களில் இவ்வட்டாரம் ஒரு நல்ல காரியம் செய்தது. வேறிடங்களில் நீதிமன்றம் கட்டாயப்படுத்தியும் நடவாததை, இரு ஊர்ப் பிள்ளைகளையும் பள்ளிப் பேருந்தில் ஏற்றி ஒரே வகுப்பில் அமர்த்துவதை, இது தன் மனமாரச் செய்தது. ஆயின் சட்டத்தால் ஒரு பள்ளியைத் திறந்துவிடலாம். பெற்றோரை அதன் வாயிலுக்கு இழுத்து வர இயலாது. பணம் படைத்தோர் தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிகளுக்கு அனுப்பலாயினர். காலம் செல்லச் செல்ல, வட்டாரத்தின் பள்ளிகள் பெரும்பாலும் மரீன் சிற்றிப் பிள்ளைகளின் பள்ளிகளாயின.

பணத்தின் நிலை என்ன? அமெரிக்கப் பள்ளிகளுக்குப் பணம் வரும் வாய்க்கால்களுள் முக்கியமானது நாம் சோலைவரி என்று வழங்கும் ஆதன வரி. வீடும் நிலமும் விலையுயர்ந்த ஊரின் பள்ளி செழிக்கும். ஏழை ஊரின் பள்ளி வாடும். இது சமத்துவத்துக்கு மாறானது என்று 1971இல் சேரானோ வழக்கிலே கலிபோர்னியா உயர்நீதிமன்றம் கூறிற்று. அதன்பின் மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என மாநிலம் ஓர் அளவு வகுத்து, குறைந்த வட்டாரங்களுக்குத் தன் பணத்தால் நிரப்பிக் கொடுக்கத் தொடங்கியது. ஆனால் உள்ளூர் வரியே அவ்வளவைத் தாண்டும் ஊர்கள் மிகுதியைத் தாமே வைத்துக்கொள்ளலாம். சோசலீற்றோவின் கடல் பார்த்த மாளிகைகளால், இவ்வட்டாரம் அத்தகைய பாக்கியசாலிகளுள் ஒன்றாயிற்று. மாநிலத்தின் சராசரியினும் மிகுந்த தொகையை ஒரு மாணவனுக்குச் செலவிட்ட வட்டாரம் இது. ஆகவே, பின்னர் நடந்ததற்கு வறுமையைக் காரணம் காட்ட வழியில்லை.

இனி, கதையின் முடிச்சு. 1991இல் மின்னசோற்றா மாநிலமும் 1992இல் கலிபோர்னியாவும் ‘பட்டயப் பாடசாலை’ என்னும் புதுவகைப் பள்ளிக்குச் சட்டம் இயற்றின. பொதுப் பணத்தில் நடக்கும், கட்டணம் வாங்காது, ஆனால் தனக்கென ஒரு சபையும் தனக்கென ஒரு பாடத்திட்டப் போக்கும் உடையது. நம் பழைய உதவிநன்கொடைப் பாடசாலைகளை நினைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும். 2001இல் சோசலீற்றோவில் வில்லோ கிறீக் என்னும் பட்டயப் பாடசாலை தோன்றிற்று. அது வெள்ளைப் பிள்ளைகளுக்கென்று பூட்டிவைத்த பள்ளி என்று எவரும் எண்ணற்க. எல்லா நிறத்துப் பிள்ளைகளும் அங்கே படித்தனர். மரீன் சிற்றியிலிருந்தும் சென்றனர். தனியார் பள்ளிகளை நாடியிருந்த குடும்பங்கள் சிலவற்றைப் பொதுப்பள்ளிக்கு மீட்டது என்ற பெருமையும் அதற்கு உண்டு. பெற்றோர் ஊக்கத்தோடு உழைத்தனர். பள்ளி வளர்ந்தது.

ஒரு சிறு வட்டாரத்தில் ஒரு பள்ளி வளர்கின்றதெனில், மற்றது தேய்கின்றது என்பதே பொருள். 2013இல் வட்டாரச் சபை, சோசலீற்றோவிலே நடந்துவந்த தன் பேசைட் ஆரம்பப் பள்ளியை மரீன் சிற்றிக்கு மாற்றி, அங்கிருந்த மார்ட்டின் லூதர் கிங் பள்ளியுடன் ஒன்றாக்கிற்று. சோசலீற்றோ வளவு வில்லோ கிறீக்குக்கு ஆயிற்று. இவ்வாறாக, நெடுஞ்சாலைக்கு ஒருபுறம் ஏறத்தாழ 400 பிள்ளைகள் படிக்கும் கலப்புப் பள்ளி. மறுபுறம் ஏறத்தாழ 120 பிள்ளைகள் மட்டுமே கொண்ட, கறுப்பின, இலத்தீன் அமெரிக்க வம்சப் பிள்ளைகள் மிக்க பள்ளி. ‘கறுப்பர் இப்பள்ளி, வெள்ளையர் அப்பள்ளி’ என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1954இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் நிறவாரியான பள்ளிகளை ஒழித்துத் தீர்ப்பளித்து அரைநூற்றாண்டுக்கு மேலாகியும், அந்நிலை மீண்டும் வந்துவிட்டது.

பின்னர் வெட்டு விழுந்தது. மரீன் சிற்றிப் பள்ளியில் சங்கீதமும் சித்திரமும் உடற்பயிற்சியும் குறைந்தும் மறைந்தும் போயின. திறமை மிக்க மாணவருக்கான விசேட வகுப்பு நின்றது. பிள்ளைகளின் மனக்குறை கேட்கும் ஆலோசகரின் நேரம் சுருங்கிற்று. ஒவ்வொன்றும் ஒரு மாலைக் கூட்டத்தில், சிக்கனம் என்ற பெயரில், ஒழுங்கு தவறாது நிறைவேறியதாகத்தான் இருக்கும். வரவுசெலவுத் தாளில் ஒரு வரி நீங்கும். வகுப்பறையில் ஒரு பிள்ளையின் வயலின் நீங்கும். மாநிலத்தின் நிதி மேற்பார்வைக் குழு 2016இல் இவ்வட்டாரத்தை ஆராய்ந்து, சபை பட்டயப் பாடசாலையின் பக்கம் சாய்ந்து நின்றதையும் வட்டாரத்தின் சொந்தப் பள்ளியைக் கவனியாது விட்டதையும் கடிந்து அறிக்கை எழுதிற்று.

அடுத்து மாநிலத்தின் சட்டமா அதிபர் சேவியர் பெசேரா விசாரணை தொடங்கினார். ஏறத்தாழ இரண்டாண்டுகள் நடந்தது. தெரிந்தும் வேண்டுமென்றும் நிறவாரியாகப் பிரிந்த ஒரு பள்ளியை வட்டாரம் உருவாக்கி வைத்திருந்தது என்பதே அவர் முடிபு. 2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வட்டாரம் உடன்பாட்டுக்கு வந்தது. பிரிவினையை நீக்கத் திட்டமும் காலவரையறையும் வகுத்தல், அப்பள்ளியிற் படித்துப் பாதிக்கப்பட்ட பழைய மாணவருக்குப் புலமைப்பரிசிலும் ஆலோசனையும் அளித்தல் என்பன அதில் அடங்கும். அம்மாநிலத்தில் ஐம்பது ஆண்டுகளில் இத்தகைய ஆணை பிறந்தது இதுவே முதன்முறை எனப் பத்திரிகைகள் எழுதின. அதுவும் எங்கே? அலபாமாவில் அன்று, மிசிசிப்பியில் அன்று. தாராள மனம் படைத்தோர் வாழும் ஊரெனத் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் மரீன் மாவட்டத்தில்.

பழைய மாணவருக்குப் பரிகாரம் என்ற அந்த நிபந்தனையிற்றான் நம் மனம் நின்றது. ஆறு ஆண்டுகள் என்பது வட்டாரத்தின் வரலாற்றிற் சிறு காலம். ஒரு பிள்ளைக்கோ இரண்டாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. முன்னர்க் கூறியது போல, இவ்வட்டாரம் எட்டாம் வகுப்போடு முடிகின்றது. அப்பால் மில் வாலி என்னும் செல்வ நகரிலுள்ள தமல்பயஸ் உயர்தரப் பாடசாலைக்கு எல்லாரும் செல்வர். சங்கீதம் கேளாமல், சரிவரக் கணிதம் பழகாமல் வந்த பதினான்கு வயதுப் பிள்ளை, எல்லா வசதியோடும் வளர்ந்த பிள்ளைகளின் அருகில் முதல் நாள் அமர்கிறது. தான் மந்தம் என்றுதானே அது நினைக்கும்? சபையின் கூட்டக் குறிப்பேட்டை அது பார்த்திருக்குமா?

பிழை யாருடையது? வில்லோ கிறீக்கிற் பிள்ளையைச் சேர்த்த தாய் தந்தையரைப் பழிப்பது எளிது. நாம் அதைச் செய்ய மாட்டோம். நல்ல பள்ளி ஒன்று அருகே இருக்கத் தன் பிள்ளையை அங்கே அனுப்பாத பெற்றோரை நாம் எங்கும் கண்டதில்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்கும் காலத்தில் நம் வீடுகளில் நடப்பதை யாவரும் அறிவர். வாங்குகளிலும் பந்திகளிலும் பிள்ளைகளைப் பிரித்து வைத்த பள்ளிகளை நம் பாட்டன்மாரும் கண்டவர்களே. ஆதலின் பிற நாட்டாரை நோக்கி விரல் நீட்டும் உரிமை நமக்கு அதிகம் இல்லை. எனினும் பெற்றோருக்கு ஒரு நியாயம், சபைக்கு ஒரு நியாயம். தாய்க்குத் தன் பிள்ளை ஒன்றே உலகம். சபைக்கு நெடுஞ்சாலையின் இரு கரையிலும் உள்ள எல்லாப் பிள்ளைகளும் தன் பிள்ளைகள். சபையில் அமர்ந்தபின்னும் பெற்றோராகவே கையை உயர்த்துவோரிடமிருந்து, கூட்டத்துக்கு வர நேரமும் பேசத் துணிவும் இல்லாதவரின் பிள்ளையை யார் காப்பது? சிறிய ஊரிலே இத்தீமை கூடவும் செய்யலாம். எல்லாரும் எல்லாருக்கும் அறிமுகமானவர். அறிமுகமானவரின் முகம் கோண ஒரு வாக்கு அளிப்பது, கொழும்பிலிருந்து சுற்றுநிருபம் அனுப்புவதைப் பார்க்கிலும் கடினம். இங்கே நினைவிற் கொள்ளத்தக்கது, அவ்வூரின் முறைகேட்டைத் திருத்தியவர் அவ்வூரார் அல்லர் என்பது. தூரத்தில் இருந்த மாநில அரசே. ஆயின் ஊருக்குள் பல ஆண்டுகள் குரல் கொடுத்த மரீன் சிற்றித் தாய்மார் இல்லையேல் மாநிலத்தின் காதில் அது விழுந்திருக்குமா என்பதும் ஐயமே.

உடன்பாட்டின் பின்னர் இரு பள்ளிகளின் சபைகளும் நீண்ட நாள் பேசின. இடையிலே கொள்ளைநோய் வந்து பள்ளிகள் அடைபட்டன. முடிவில் வில்லோ கிறீக் தன் பட்டயத்தைத் துறந்து வட்டாரத்துடன் இணைய இசைந்தது. தாங்கள் கண்ணுங்கருத்துமாக வளர்த்த பள்ளியின் பெயரை விட்டுக்கொடுப்பது அப்பெற்றோருக்கு எளிதாயிருந்திராது. அதையும் சொல்லத்தான் வேண்டும். 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கலாநிதி மார்ட்டின் லூதர் கிங் அக்கடமி என்ற ஒரே பெயரில், ஒரே பள்ளி தொடங்கிற்று. வளவுகள் மட்டும் இரண்டு. சிறு வகுப்புகளுக்குச் சோசலீற்றோவின் நெவாடா வீதி வளவு. மேல் வகுப்புகளுக்கு மரீன் சிற்றியின் பிலிப்ஸ் வீதி வளவு. ஆகவே, மரீன் சிற்றியின் சிறுவர் காலையில் நெடுஞ்சாலையைக் கடந்து இப்பக்கம் வர, சோசலீற்றோவின் பெரிய பிள்ளைகள் அதே நெடுஞ்சாலையைக் கடந்து அப்பக்கம் போகவேண்டியதாயிற்று.